மச்சாள் எழும்பாத ஞாயிறுகள்

என்னுடைய மச்சாள் எதையும் சும்மா சாப்பிட மாட்டாள்.

சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டதும் முதல் பிடியைக் குழைத்து உருட்டி, கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். செபம் சொல்கிறாளாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அண்ணையைக் கலியாணம் கட்டி வந்த புதிதில் அவளுக்கு எங்கள் செபங்கள் ஒன்றும் ஒழுங்காகத் தெரியாது. ஒருநாள் அம்மா கேட்டே விட்டார்.

"என்ன பிள்ளை, கறி சரியில்லையோ?"

"சீ, இல்லை மாமி. வாயிலை வைக்க முந்தி ஒருக்கா நினைக்கிறனான்."

"என்னத்தை?"

"இதை ஆர் பிடிச்சது, ஆர் வெட்டினது, ஆர் காய்ச்சினது எண்டு. வேறையொண்டும் இல்லை."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் அரைக் கோப்பை சோற்றை முடித்திருந்தேன். அந்தப் பார்வை எனக்குள் எங்கோ போய் இருந்துகொண்டது.

எங்கள் வீடு குருநகரில், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில். மாதா கோயிலைத்தான் நாங்கள் கோயில் என்கிறோம். அப்பா கடல் தொழிலுக்குப் போனவர். ஒரு பங்குனி மாதம் நடுக்கடலில் நெஞ்சு வலி வந்து வள்ளத்திலேயே போய்விட்டார். அதன் பிறகு அண்ணைக்குக் கடல் வெறுத்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி உடுப்பிட்டிப் பக்கம் மீன் விற்கப் போகத் தொடங்கினார். அங்கே வெங்காயமும் புகையிலையும் செய்கிற ஒரு சைவ வீட்டில்தான் இவளைக் கண்டார். மற்ற நாட்களில் மீன் வாங்க வருகிறவள், வெள்ளிக்கிழமைகளில் "இண்டைக்கு எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதற்காக மட்டும் படலை வாசலுக்கு வந்து நின்றாளாம். அண்ணை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஞானஸ்நானம் எடுத்துத்தான் கலியாணம் நடந்தது. அவளுடைய தகப்பன் வரவில்லை. அதற்குப் பிறகும் அந்த மனிசன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவள் பலகாரம் சுட்டுக்கொண்டு போவாள். தாய் வாங்கி வைப்பாவாம். தகப்பன் தொடமாட்டாராம். இதையும் அண்ணைதான் சொன்னார், சிரிக்காமல்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். சின்ன வயதில் மறைக்கல்விச் சோதனையில் முதலாம் பரிசு எனக்குத்தான் வரும். மாதா பிரார்த்தனையைப் புத்தகம் பாராமல் சொல்லுவேன். அந்த வீட்டில் வேதம் தெரிந்த ஆள் என்றால் அது நான்தான். மச்சாள் வரும்வரை அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவளுடைய முதல் தவக்காலம். விபூதிப் புதன் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தாள். "இது எனக்குப் பழகினதுதான் மாமி" என்று சிரித்தாள். மத்தியானம் அம்மா ஓரா மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தார்.

"மாமி, இண்டைக்கு விரதம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை. இறைச்சி தின்னக்கூடாது. மீன் தின்னலாம்."

"நாங்கள் இறைச்சி எப்ப தின்னுறனாங்கள்?"

அம்மா யோசித்தார். பாலன் பிறந்த நத்தாருக்கு ஒருக்கால். உயிர்த்த ஞாயிறுக்கு ஒருக்கால். ஆரும் விருந்தாளி வந்தால் ஒரு கோழி.

"அப்ப, வழமையாத் தின்னாததை விடுறது எப்பிடி மாமி விரதமாகும்?"

நக்கலாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள். நான்தான் சொன்னேன்.

"அது திருச்சபையின்ரை ஒழுங்கு மச்சாள். விளங்காததை என்னட்டைக் கேளுங்கோ, சொல்லித்தாறன்."

"ஓம் மச்சாள்" என்றாள். பிறகு தன்னுடைய மீன் துண்டைச் சட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, சோற்றுக்குச் சொதியை மட்டும் விட்டுச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

முற்றத்தில் ஒருகாலத்தில் வலை காய்ந்த வீடு எங்களுடையது. காலையும் மாலையும் மீன்தான். அந்த வீட்டில் ஒருத்தி நாற்பது நாள் மீன் தொடாமல் இருந்தாள். யாரையும் இருக்கச் சொல்லவில்லை. இரண்டாவது கிழமை அம்மாவும் மீனை விட்டார். மூன்றாவது கிழமை, பகல் முழுக்க மீன் விற்றுவிட்டு வருகிற அண்ணையும் விட்டார். நான் விடவில்லை. ஒழுங்கின்படி நான் செய்வதுதான் சரி. அம்மா எனக்காகத் தனியே ஒரு சின்னச் சட்டியில் மீன் காய்ச்சினார், நோயாளிக்குக் காய்ச்சுகிற மாதிரி. அந்தச் சட்டியை நான் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பிடிவாதமாகத் தின்று முடித்தேன். ஒருநாள் முள் தொண்டையில் குத்தியது. அதையும் சொல்லவில்லை.

பிறகு முதல் நன்மைப் பிள்ளைகளின் விஷயம். பூசையில் அப்பம் வாங்குவதை நாங்கள் நன்மை எடுப்பது என்போம். முதல் தரம் எடுக்கப்போகிற பிள்ளைகளை மூன்று மாதம் நான் ஆயத்தப்படுத்துவேன். அந்த வருடம் மச்சாள் மண்டபம் கூட்ட வருவாள். ஒருநாள் ஒரு சின்னப் பெட்டை எழும்பிக் கேட்டது, "ரீச்சர், நன்மை என்ன ருசியா இருக்கும்?"

நான் புத்தகத்தில் உள்ளபடி விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே நின்ற ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்டு சொல்லட்டோ மச்சாள்?"

பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

"அம்மா தான் தின்னாமல் உங்களுக்கெண்டு ஒரு துண்டு எடுத்து வைச்சிருந்து தருவா எல்லோ? அது என்ன ருசி?"

பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவன் வாழைப்பழம் என்றான். ஒருத்தி மாசிக் கருவாடு என்றாள். அந்தக் கிழமை எங்கள் கோயில் குருவான சுவாமி வந்து சோதித்தபோது, நன்மை என்றால் என்ன என்று கேட்டார். நான் மூன்று மாதம் மனப்பாடம் செய்வித்ததை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா எடுத்து வைச்ச துண்டு என்றார்கள். சுவாமி எழும்பி வந்து எனக்குக் கை தந்தார். "நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறீங்கள் ரீச்சர்" என்றார். நான் நன்றி சொன்னேன். அது மச்சாள் சொன்னது என்று சொல்லவில்லை.

அப்பாவின் ஆண்டு நினைவு தவக்காலத்தில்தான் வரும். அந்த வருடம் ஒரு புதன்கிழமை. காலையில் பூசை, மத்தியானம் சொந்தக்காரர், அயல், அப்பாவோடு தொழிலுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு. வழமையாக விளைமீன் குழம்பு, இறால் பொரியல், கணவாய். அந்த வருடம் மச்சாள் என்னிடம் வந்தாள்.

"மச்சாள், நான் விரதத்திலை நிக்கிறன். மாமாவின்ரை நாளிலை அதை முறிக்க மனம் வருகுதில்லை. மீன் நீங்கள் காய்ச்சுங்கோ, மரக்கறியை நான் பாக்கிறன்."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். கடல் தொழிலாளியின் நினைவு நாளில் மீன் இல்லாத சாப்பாடு போட்டால் குருநகர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"ஏன் இரண்டு சமையல்? எல்லாத்தையும் நீங்களே சமையுங்கோ. மரக்கறி மட்டும் காணும்" என்றேன்.

அவளுடைய முகம் மலர்ந்துபோயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது.

கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை. விடியற்காலை தொடங்கித் தனியாளாகக் காய்ச்சினாள். பந்தியில் இலை போட்டதும் நான் நினைத்தபடியே நடந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு மாமி என் காதுக்குக் கிட்ட வந்து, "என்னடி இது, மீன்காரன் வீடோ ஐயர் வீடோ?" என்றா. "எனக்கென்ன தெரியும், மச்சாளின்ரை ஏற்பாடு" என்றேன்.

முதல் இலையில் இருந்தவர் அப்பாவின் கூட்டாளி. பதினைந்து வருடம் ஒரே வள்ளத்தில் போனவர். அப்பாவின் தலையை மடியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடுவோம். அவர் இலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"மீன் இல்லையோ?"

மச்சாள் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றாள். நான் சுவரோடு சாய்ந்து நின்று காத்திருந்தேன். என் மனதில் இருந்தது சந்தோசம்தான், மறைத்து என்ன பிரயோசனம்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார் சித்தப்பா.

"என்னத்தைச் சித்தப்பா?" என்று அண்ணை கேட்டார்.

"கொப்பர், என்ரை கூட்டாளி, தவக்காலத்திலை கடலிலை மீன் தொடமாட்டார் எண்டு."

அம்மா குசினி வாசலுக்கு வந்துவிட்டார்.

"வலையிலை துள்ளத் துள்ளக் கிடக்கும். நாங்கள் வள்ளத்திலையே சட்டி வைச்சுக் காய்ச்சுவம். மனிசன் அந்தப் பக்கம் திரும்பி இருந்து மகள் கட்டிக்குடுத்த புட்டையும் சீனியையும் தின்னும். ஏன் வீட்டிலை திண்டுட்டு இஞ்சை மட்டும் விரதம் எண்டு கேட்டன். வீட்டிலை மனிசி காய்ச்சி வைச்சுக்கொண்டு நிப்பாள், தின்னாட்டி அவளின்ரை மனம் நோகும், கடலிலை நானும் ஆண்டவரும்தானே எண்டவர். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவர். நான் இவ்வளவு காலம் சொல்லேல்லை. இண்டைக்கு இலையைப் பாத்தாப் பிறகு எப்பிடி வாய் மூடிக்கொண்டு இருக்கிறது?"

சித்தப்பா அழுதுகொண்டுதான் சாப்பிட்டார். மூன்று தரம் சோறு கேட்டு வாங்கினார். என் காதுக்குள் குசுகுசுத்த மாமி, கீரையை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னா. அம்மா மச்சாளின் தலையில் கை வைத்து அப்படியே நின்றார்.

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். கடலுக்குப் போகிற அன்றெல்லாம் அப்பாவுக்குப் புட்டுக் கட்டுவது என் வேலை. "சீனி கொஞ்சம் கூட வையடி" என்பார். அப்பாவுக்கு இனிப்பில் ஆசை என்று நினைத்திருந்தேன். அந்தப் பொட்டலத்தைக் கட்டின எனக்குத் தெரியாததை, அப்பாவின் முகத்தைப் படத்தில் மட்டும் கண்ட ஒருத்தி தெரியாமலேயே செய்துகொண்டிருந்தாள். அப்பாவிடமிருந்து எனக்கு வரவேண்டிய ஒன்று, வாசல் தவறி அவளிடம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. அன்று கிணற்றடியில் நான் அழுதது அப்பாவை நினைத்து அல்ல.

கலியாணம் முடிந்து ஆறாவது வருடம் மச்சாளின் தகப்பன் செத்தார். கடைசி வரைக்கும் அவள் கையால் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. எட்டுச்செலவுக்கு அண்ணையும் மச்சாளும் நானும் உடுப்பிட்டிக்குப் போனோம். செத்தவருக்கு விருப்பமான சாப்பாடுகளைப் படைக்கிற எட்டாம் நாள் அது. தலைவாழை இலையில் தோசை, வடை, கத்தரிக்காய்க் குழம்பு, கொழுக்கட்டை, பக்கத்தில் ஒரு சுருட்டு. படைத்து முடிந்ததும் அந்த இலையிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மச்சாளின் தாய் அவளுக்கு முன்னாலும் ஒரு இலையை வைத்தா.

"உன்ரை ஐயாவோடை இருந்து சாப்பிடு பிள்ளை" என்றா.

மச்சாள் முதல் பிடியைக் கையில் எடுத்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒரு பிடியை வைத்திருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. பிறகு சாப்பிட்டாள். இலையில் ஒன்றும் மிச்சம் விடவில்லை. படைத்ததை வேதக்காரர் தின்னக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்; நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தேத்தண்ணி மட்டும் குடித்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபோது அயல்வீட்டு மனிசி கேட்டா, "எட்டுக்குப் போனனீங்களாம், எப்பிடி நடந்தது?"

"நல்லா நடந்தது. மச்சாள் அங்கை படைச்சதைத்தான் சாப்பிட்டவ."

"படைச்சதையோ?"

"ஓம். பழசு லேசிலை விடுமே?"

இவ்வளவுதான் நான் சொன்னது. இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

புதன்கிழமைக்குள் அது ஊரைச் சுற்றி வேறு உருவத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மச்சாள் உடுப்பிட்டியில் நேர்த்தி வைத்தாளாம். வீட்டில் ஒளித்துத் திருநீறு வைத்திருக்கிறாளாம். அம்மா அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "மற்றது பொய் மாமி. சாப்பிட்டது உண்மை" என்றாள். யார் இதைக் கதைத்தது என்று அம்மா தவித்தார். உடுப்பிட்டிக்கு அவளோடு போனவர்கள் இரண்டே பேர். மச்சாள் என்னைப் பார்க்கவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு நன்மை நேரம் அவள் எழும்பவில்லை.

பூசைக்கு வந்தாள். பாட்டுப் படித்தாள். நன்மைக்கு எல்லாரும் எழும்பிப் போகையில் மர வாங்கிலேயே இருந்தாள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்போம். நான் அவளுடைய முழங்காலைக் கடந்துதான் போக வேண்டும். அவள் காலை ஒடுக்கி எனக்கு வழி விடுவாள். நான் போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கை கூப்பி, திரும்பவும் அவளைக் கடந்து வந்து இருப்பேன். சுவாமிதான் தடுத்துப்போட்டார் என்று ஊர் சொன்னது. முதல் சில கிழமைகள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த முழங்காலைக் கடப்பது ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகியது. மொத்தம் பதினேழு ஞாயிறுகள். எண்ணினது நான்தான், வேறு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பதினான்காவது ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு பின்னேரம் சுவாமி வீட்டுக்கு வந்தார். அண்ணை வீட்டில் இல்லை. நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் கதைப்பது கேட்டது.

"பிள்ளை, தகப்பனுக்குப் படைச்சதைச் சாப்பிட்டதுக்காக நீர் நன்மை எடுக்காமல் இருக்கத் தேவையில்லை. மனம் உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் செய்யும்."

"அதுக்காக இல்லை சுவாமி. அது என்ரை ஐயா. ஆறு வருசமா என்னோடை ஒரு பந்தியிலை இருக்காத மனிசன். அண்டைக்குத்தான் அவரோடை இருந்து சாப்பிட்டனான். அதுக்கு என்னாலை மன்னிப்புக் கேட்கேலாது."

"அப்ப ஏன்?"

"எனக்கு ஒராளிலை சரியான கோவம் சுவாமி. அந்தக் கோவத்தை வைச்சுக்கொண்டு அதை வாயிலை வைக்கேலாமல் கிடக்கு. குறைஞ்சாப்போலை எடுக்கிறன்."

"ஆரிலை?"

"அதைச் சொன்னால் அந்த ஆளுக்கு மரியாதை இல்லை."

கேத்திலில் தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்தது. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவாமி வாங்கிக்கொண்டு, "ரீச்சர், உங்கடை மச்சாளுக்காகச் செபியுங்கோ" என்றார். ஓம் என்றேன்.

பிறகும் மூன்று ஞாயிறுகள் அவளைக் கடந்து போய் வந்தேன். நான்காவது ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, அவள் கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"நான்தான் சொன்னனான் மச்சாள்."

"தெரியும்" என்றாள். கத்தி நிற்கவில்லை. "நீங்களா வந்து சொல்லுவியள் எண்டுதான் இருந்தனான். கன நாளாப் போச்சு."

"பொறாமையிலை சொல்லிப்போட்டன்."

இப்போது கத்தி நின்றது. "என்னிலையோ? என்னட்டை என்ன கிடக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா, பிள்ளைகள், சித்தப்பா, அப்பா என்று ஒவ்வொன்றாகச் சொல்லவும் முடியவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என்னைப் பார்த்து இருந்தாள்.

"மச்சாள், நானும் ஒண்டு சொல்லட்டோ? அண்டைக்குச் சித்தப்பா கதைச்சதிலை இருந்து எனக்கும் உங்களிலை பொறாமை. எல்லாரும் விரதத்தைப் பற்றித்தான் கதைச்சவை. எனக்குக் காதிலை விழுந்தது மகள் கட்டிக்குடுத்த புட்டெண்ட ஒரு சொல்லுத்தான். உங்கடை அப்பா உங்கடை கையாலைதான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவர். நான் ஆறு வருசம் பலகாரம் கொண்டுபோனனான். என்ரை ஐயா ஒண்டைக்கூட எடுத்து வாயிலை வைக்கேல்லை."

அவள் அழவில்லை. எழும்பி மீதி மீனை எடுத்து வெட்டத் தொடங்கினாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

அடுத்த நாள் நன்மை நேரம் மச்சாள் எழும்பினாள். நான் எழும்பவில்லை. பதினேழு ஞாயிறுகளும் நான் என்னத்தை வாங்கி விழுங்கினேன் என்று அன்றைக்குத்தான் முதல் தரம் யோசித்தேன். காலை ஒடுக்கி அவளுக்கு வழி விட்டேன்.

அண்ணைக்கு மன்னாரில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அவர்கள் அங்கே போய் எட்டு வருடமாகிறது. நத்தாருக்கு வருவார்கள். அப்பாவின் நாளுக்கு வர லீவு கிடைப்பதில்லை. அன்றைக்கு நான்தான் சமைக்கிறேன், மீன் இல்லாமல். மச்சாள் வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறி எனக்கு இன்னும் சரிவரவில்லை. சாப்பிடுகிறவர்கள் நல்லாயிருக்கு என்கிறார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் பங்குனி, புதிதாக வந்திருக்கிற சுவாமி சாப்பிட வந்தார். கை கழுவிக்கொண்டு, "தொழிலுக்குப் போன வீட்டிலை இப்பிடி ஒரு வழக்கத்தை நான் ஒரிடத்திலையும் காணேல்லை. ஆர் தொடங்கினது?" என்று கேட்டார்.

"எங்கடை அப்பா" என்றேன்.

அது பொய் இல்லை. அன்றைக்குச் சுவாமிக்குச் சொல்லாமல் விட்ட மீதியைத்தான் இப்போது இருந்து எழுதுகிறேன். அவளுடைய பெயரையும் எழுதுவோம் என்று இரண்டு தரம் பேனையைக் கொண்டுபோனேன். இன்னும் மனம் வரவில்லை.